வெற்றுச் சதுரமும் ழகரமும்

எழுத்துரு குறித்த ரசனை தனிமனித விருப்பம் சார்ந்தது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். ஒருவருக்குத் தடித்த எழுத்து பிடிக்கிறது, மற்றொருவருக்கு மெல்லியது. இதில் மொழியியலுக்கு என்ன வேலை என்று துறைத் தோழி ஒருவர் அண்மையில் கேட்டார். வாய்வழியாக அவருக்குச் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. சற்று நீளமானாலும் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பொறுமையுள்ள நண்பர்களும் மாணவர்களும் வாசிக்க வேண்டுகிறேன்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு தொடங்கிச் சித்தூரிலும் திருப்பதியிலும் இணையதளங்கள் வடிவமைத்துக் கொடுத்து வருகிறேன். தங்கும் விடுதிகள், வாடகை வண்டி நடத்துவோர், மாம்பழக்கூழ் ஆலைகள், தனியார் பள்ளிகள் ஆகியோரே என் வாடிக்கையாளர்கள். முதுகலைக் கட்டணத்தில் பெரும்பகுதி இவ்வருவாயில்தான் கட்டப்பட்டது. இங்கு ஒரு தளம் பெரும்பாலும் மூன்று மொழிகளில் அமைய வேண்டும். ஆங்கிலம் மதிப்புக்கு, தெலுங்கு ஊருக்கு, தமிழ் வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் பயணிகளுக்கு. ஆகவே எழுத்துருவைத் தேர்வது என்பது எனக்கு எப்போதும் மூன்று வரிவடிவங்களை ஒரே கூரையின்கீழ்க் குடியமர்த்தும் வேலையாகவே இருந்திருக்கிறது.

தொடக்கத்தில் என் ரசனை முழுக்க உரோமன் எழுத்திலிருந்து வந்தது. நான் பார்த்துப் பழகிய தளங்கள் யாவும் ஆங்கிலத் தளங்கள். மெல்லிய கோடுகள், வெளிர்சாம்பல் நிறம், நிறைய வெற்றிடம். இவையே அழகு என்று கண் பழகியிருந்தது. பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய ‘கட்டமரான்’ எழுத்துரு 9 தடிமன்களில் கிடைத்ததும் அதன் மிக மெல்லிய வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். தமிழின் ‘கட்டுமரம்’ ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பிவந்த பெயர் அது என்பதும் ஈர்ப்புக்கு ஒரு காரணம். மடிக்கணினித் திரையில் அது மிக நேர்த்தியாகவே தோன்றியது. திருப்பதிப் பேருந்து நிலையத்தில், பகல் வெயிலில், விலை குறைந்த கைப்பேசியில் விடுதியின் முகவரி தேடும் பயணிக்கு அக்கோடுகள் கரைந்துபோயின. உரோமன் எழுத்தின் கட்டமைப்பு எளிது. மெலிந்தாலும் அடையாளம் தெரியும். ஒரு ‘ண’கரத்துக்குள் எத்தனை சுழிகள் என்று எண்ணுவதற்கு மெல்லிய கோடு உதவாது.

இந்த இடத்தில் சிறிது வரலாறு தேவைப்படுகிறது. என் தலைமுறைக்கு எழுத்துரு என்பது தேர்ந்துகொள்ளும் பொருளாக வாய்த்தது. முந்தைய தலைமுறைக்கு அது ஒரு தடை. 1990களின் இறுதியில் இந்திய மொழி நாளிதழ்கள் இணையத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் வைத்திருந்தது. உரிய எழுத்துரு கணினியில் இல்லையெனில் செய்திக்குப் பதிலாக உரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை தெரியும். தமிழ், தெலுங்கு எழுத்துகளுக்கு யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. எனினும் அது நம் மேசைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் 2000 தமிழுக்கு ‘லதா’வைக் கொண்டுவந்தது, 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி தெலுங்குக்கு ‘கௌதமி’யைத் தந்தது. இடைக்காலத்தில், 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தாம், தாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. நாளிதழ்களின் தனிக் குறியேற்றங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டுவதற்கென்றே ‘பத்மா’ என்னும் ஃபயர்பாக்ஸ் நீட்சி ஒன்று இருந்தது. அந்நாளில் ‘இந்த எழுத்து அழகாக இருக்கிறதா’ என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ‘தெரிகிறதா’ என்பதே கேள்வி. அக்கேள்வி முடிந்துபோன ஒன்று என்று எண்ணிக்கொண்டுதான் நான் இத்தொழிலுக்குள் வந்தேன்.

இரண்டாம் கட்டத்தில் ரசனை பெயர்களின் பக்கம் திரும்பியது. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் தெலுங்கு எழுத்துருக்களின் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு அதன் சுவை தெரியும். பெத்தனா, திம்மனா, மல்லன்னா, தூர்ஜடி, ராமபத்ரா, சூரன்னா, ராமராஜா, தெனாலி ராமகிருஷ்ணா. கிருஷ்ணதேவராயர் அவையின் அஷ்டதிக்கஜங்கள் எனப் போற்றப்படும் எட்டுப் புலவர்களும் எழுத்துருக்களாக அங்கே அமர்ந்திருக்கிறார்கள். அரசர் பெயரிலும் ஓர் எழுத்துரு உண்டு. பேச்சுமொழிக்காகப் போராடிய கிடுகு ராமமூர்த்தியின் பெயரும் உண்டு. தமிழிலக்கியத்தின் எட்டுத்தொகைக்கு இப்படி எட்டு எழுத்துருக்கள் அமையவில்லையே என்று எனக்குச் சிறு பொறாமை.

திருக்காளத்திக்கு வண்டி விடும் ஒருவருக்குத் தளம் செய்தபோது, தலைப்புகளுக்கெல்லாம் ‘தூர்ஜடி’யையே வைத்தேன். காளத்தீசுவரர்மீது சதகம் பாடிய புலவரின் பெயர் கொண்ட எழுத்தில் காளத்தியின் பெயர் மின்னுவது பொருத்தம் என்று பட்டது. அரசர்களைச் சேவிப்பதைக் கடுமையாக இகழும் சதகம் அது. அதை எழுதியவர் அரசவைப் பட்டியலில் எழுத்துருவாகவும் நிலைபெற்றிருப்பதை வண்டிக்காரரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிம்மா, போன் நம்பர் பெருசா தெரியுதா பாரு” என்றார். தமிழ்ப் பக்கத்தில் தாரிக் அசீசின் ‘கவிவாணர்’ போன்ற கையெழுத்துச் சாயல் கொண்டவற்றை அக்காலத்தில் விரும்பினேன். தலைப்பில் ஒரு சொல்லாக நிற்கும்போது இவை பக்கத்துக்கு முகம் தருகின்றன. பத்தி முழுவதும் நிறைந்தால் வாசிப்பவர் சொல்லை விட்டுவிட்டு வளைவுகளைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

மூன்றாம் கட்டத்தை முதுகலை மொழியியல் தந்தது என்று சொல்லலாம். ஒப்பியல் இலக்கணம் படிக்கும் காலத்தில் ஒப்புமையுள்ள எழுத்துருக்களைத் தேடினேன். ஏக் டைப் குழுவினரின் ‘பலூ’ குடும்பத்தில் தமிழ் எழுத்துருவின் பெயர் ‘பலூ தம்பி’. தெலுங்கினுடையது ‘பலூ தம்முடு’. திராவிட மொழிகளின் உறவுச்சொற்களுக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் எடுத்துக்காட்டு எழுத்துருப் பட்டியலிலேயே இருந்தது. இந்தியன் டைப் ஃபவுண்டரியின் ‘ஹிந்த்’ குடும்பத்தில் தமிழுக்கு மதுரை, தெலுங்குக்குக் குண்டூர். 2022இல் வெளியான ‘அநேக்’, ஒன்பது இந்திய வரிவடிவங்களையும் உரோமனையும் ஒரே அளவுகோலில் அமைத்தது. இவற்றால் மூன்று மொழிகளும் ஒரே குடும்பத்தார் போலத் திரையில் நின்றன. அதுவே அப்போது எனக்கு அழகின் இலக்கணம்.

ஆனால் ஒரே குடும்பம் என்றாலும் உடல்வாகு வேறு. தெலுங்கில் இரட்டிக்கும் மெய்யும் கூட்டெழுத்தும் வரியின்கீழ்த் தொங்குகின்றன; தலைக்கட்டும் உயிர்க்குறிகளும் மேலே எழுகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியைத் தெலுங்குக்குக் கொடுத்தால் மேல்வரியின் ஒத்தெழுத்து கீழ்வரியின் தலைக்கட்டை இடிக்கும். தமிழுக்கு இந்தச் சிக்கல் குறைவு. புள்ளி வைத்து மெய்யைப் பிரித்துவிடுவதால் அடுக்கு தேவையில்லை. அதற்கு ஈடாகத் தமிழ் அகலத்தைக் கேட்கிறது. ‘பதிவுசெய்துகொள்ளவேண்டியவர்கள்’ போன்ற ஒட்டுநிலைச் சொல் ஒன்று கைப்பேசித் திரையின் ஒரு வரியையே விழுங்கிவிடும். ஒன்றுக்கு உயரம், மற்றொன்றுக்கு நீளம். ஒரே எண்ணை இரண்டுக்கும் கொடுப்பதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. இதை உணர்ந்த பின், தெலுங்குக்கு வரி இடைவெளியைக் கூட்டியும் தமிழுக்கு எழுத்தளவைச் சற்றுக் குறைத்தும் வைக்கத் தொடங்கினேன்.

இதுவரை சொன்னவை தொழில் சார்ந்த மாற்றங்கள். நான்காவது மாற்றம் ஆய்வுக்களத்தில் நிகழ்ந்தது.

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாக்கப்பட்டது. அதற்குமுன் சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது மாவட்டம் ஆந்திரத்துக்குப் போயிற்று. 1960இல் எல்லை மாற்றத்தால் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இப்படி நகர்ந்துகொண்டிருக்க, வீட்டுக்குள் தமிழ் பேசும் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் பிள்ளைகள் பலர் தெலுங்குப் பள்ளிக்குச் சென்றார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். தாலாட்டும் சண்டையும் கணக்கும் கனவும் அவருக்குத் தமிழில். வாசிப்பது தெலுங்கில் மட்டும். நான் எழுதிய தமிழ்க் கட்டுரை எதையும் அவர் தாமாக வாசித்ததில்லை. நான்தான் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

மொழியியல் வகுப்பில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்படுவது, எழுத்து வேறு மொழி வேறு என்பது. சசூர் எழுத்தை மொழியின் பிரதிநிதியாக மட்டுமே கண்டார். புளூம்ஃபீல்டு அதை மொழியைப் பதிவுசெய்யும் ஒரு வழி என்ற அளவில் நிறுத்தினார். கோட்பாட்டளவில் இதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை. அக்கோட்பாட்டின் இரு பக்கங்களையும் நான் அம்மாவிடம் காண்கிறேன். எழுத்தறியாமலேயே அவர் தமிழர். அதுவே கோட்பாட்டுக்குச் சான்று. ஆயினும் தமிழில் எழுதப்பட்ட எதுவும் அவர் கைக்கு எட்டாது. எழுத்து வெறும் சட்டை என்றால், அந்தச் சட்டை இல்லாமல் அவர் ஒரு பெரிய அவைக்கு வெளியே நிற்கிறார்.

என் முனைவர் பட்ட ஆய்வு இப்பகுதித் தமிழின் சொற்கள் பற்றியது. சேகரித்த சொற்களை, சொன்னவர்களே சரிபார்க்கும் வகையில், ஓர் இணையப் பக்கத்தில் இடத் திட்டமிட்டேன். சொன்னவர்களில் பலர் அம்மாவைப் போலத் தெலுங்கு மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்கள். எனவே தமிழ்ச் சொற்களைத் தெலுங்கு எழுத்திலும் தரவேண்டியிருந்தது. இது புதிய வழக்கம் அன்று. ஆந்திர வைணவர்கள் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட திருப்பாவையைத்தான் பார்த்து ஓதுகிறார்கள். மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஒலிப்பதும் அதே திருப்பாவை. அந்த ஆண்டாளின் கதையைத்தான் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யத’ ஆக்கினார். எழுத்தும் மொழியும் இப்படி இடம்மாறி அமர்வது இம்மண்ணுக்குப் பழக்கம்.

தெலுங்கு எழுத்து தமிழைப் பெரும்பாலும் நன்றாகவே தாங்குகிறது. குறில் நெடில் எகர ஒகரங்கள் அதில் தனித்தனியே உண்டு. றகரத்துக்குப் பழைய எழுத்து ஒன்று உண்டு. வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாடுகளை அது நம் எழுத்தைவிடத் துல்லியமாகவே காட்டுகிறது. வட்டார வழக்கை ஆய்பவருக்கு அது வரவு. இடறுவது ழகரம் மட்டுமே. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரத்துக்கு எழுத்து இருந்தது. பின்னர் அவ்வொலி தெலுங்கில் மறைந்தது. நம் ‘ஏழு’ அங்கே ‘ஏடு’. நம் ‘கோழி’ அங்கே ‘கோடி’. ஒலி போனதும் எழுத்தும் போயிற்று. அதனால் தெலுங்கு அச்சில் தமிழின் ழகரத்துக்குப் பெரும்பாலும் ளகரமே நிற்கும். நம் மொழியின் பெயரே அங்கு ளகரத்தோடுதான் எழுதப்படுகிறது.

கல்வெட்டுகளோடு நின்றுபோன அவ்வெழுத்து, 2014இல் யூனிகோடின் 7.0 பதிப்பில் தெலுங்குத் தொகுதிக்குள் சேர்க்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட எழுத்து எனலாம். நான் அதைப் பயன்படுத்தினேன். என் கணினியில் அது ஒழுங்காகத் தெரிந்தது.

சித்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், எனக்குச் சொற்கள் தந்த முதியவர் ஒருவரின் திண்ணையில் அமர்ந்து, அவர் பேரனின் கைப்பேசியில் அப்பக்கத்தைத் திறந்தோம். அவர் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இன்னாம்மா இது, நடுவுல ஒரு பொட்டி கீது?”

‘கோழி’ என்ற சொல். ‘கோ’ இருந்தது. அடுத்து ஒரு வெற்றுச் சதுரம். எழுத்துருக் கலைஞர்கள் இந்தச் சதுரத்துக்கு ‘டோஃபு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது இனி எங்கும் தோன்றக்கூடாது என்ற நோக்கத்தில்தான் ‘நோட்டோ’ என்ற எழுத்துருத் திட்டத்துக்கே அப்பெயர் வந்தது. 2014க்கு முன் உருவாகி, பின்னர் புதுப்பிக்கப்படாத ஓர் எழுத்துருவில் இந்த எழுத்து இராது. எழுத்து இல்லாத இடத்தில் சதுரம் வரும். தொழில்நுட்பக் காரணம் அவ்வளவே. பாட்டியிடம் காரணத்தைச் சொன்னேன். ஒரு கேள்வியையும் கேட்டேன். அவர் பேச்சில் ழகரம் தனித்து ஒலிப்பதில்லை. ஒலிப்பதிவுகளில் அது ளகரமாகவோ யகரமாகவோதான் இருக்கிறது. ஆகவே ளகரமே போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. “எனக்கு வாயில வராது. எங்க அப்பாவுக்கு வரும். அவரு சொல்றாப்புல எழுது” என்றார்.

ஆய்வாளர் என்ற நிலையில் இது எளிதான வேண்டுகோள் அன்று. ஒலிப்பை உள்ளபடி பதிவதே களப்பணியின் முதல் விதி. அவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும். அவர் தந்தை சொன்னதை அல்ல. ஆனால் அந்தப் பக்கம் அவருக்காகவும்தான் உருவாகிறது. வாசிப்பவர் என்ற நிலையில் அவர் கேட்டது, தம் நாவில் இல்லாத, தம் பள்ளியில் கற்காத, ஆனால் தம் மொழிக்கு உரியது என்று அவர் அறிந்த ஓர் எழுத்தை. இறுதியில் இரண்டையும் தருவதென முடிவு செய்தேன். முதல் வரியில் ழகரத்தோடு சொல். அதன்கீழ், சிறிய எழுத்தில், அவர் ஒலித்த வடிவம்.

அன்றிலிருந்து எழுத்துரு தேரும் முறை எனக்கு மாறிவிட்டது. முன்பு ஒரு புதிய எழுத்துரு கிடைத்தால் அகரத்தையும் ககரத்தையும் பார்ப்பேன்; வளைவு பிடித்தால் எடுத்துக்கொள்வேன். இப்போது முதலில் எழுத்துப் பட்டியலைத் திறந்து, வாசிக்கப் போகிறவருக்குத் தேவையான ஒவ்வோர் எழுத்தும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். தமிழ்ப் பக்கத்திலும் இதே கேள்வி உண்டு. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய 13 வடிவங்களை, அதாவது துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை முதலியவற்றை, அவை அச்சான வடிவிலேயே காட்ட வேண்டுமெனில், அதற்கென அமைந்த ‘லோகித் தமிழ் கிளாசிக்கல்’ போன்ற எழுத்துரு வேண்டும். பழம்பதிப்புகளை இணையத்தில் ஏற்றும் மாணவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

பட்டியல் நிறைந்திருந்தால் அழகு வேண்டாமா என்றால், வேண்டும். சதுரத்தைப் போக்க இணையப் பக்கத்தில் எளிய வழி ஒன்று இருக்கிறது. விரும்பிய எழுத்துருவை முதலில் குறித்து, அதில் இல்லாத எழுத்துக்கு மட்டும் நோட்டோவை இரண்டாவதாகக் குறிக்கலாம். அப்படிச் செய்து அம்மாவிடம் காட்டினேன். முழுச் சொற்பட்டியலையும் அவர் வாசித்தார். தமிழ்ச் சொற்கள் நிறைந்த ஒரு பக்கத்தை அவர் தாமாக வாசித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை. வாசித்து முடித்துவிட்டு, “இந்த ஒரு எழுத்து மட்டும் விருந்தாளி மாதிரி தனியா நிக்குதே” என்றார். உண்மைதான். கோட்டின் தடிமன் வேறு, வளைவு வேறு. எழுத்துருவியல் படிக்காத கண் ஒரு நொடியில் அதைக் கண்டுபிடித்துவிட்டது. வாசிக்க முடிந்த பிறகுதான் ஒருவர் அழகைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார் என்பதை அவரிடமிருந்து கற்றேன்.

இந்தக் கட்டற்ற எழுத்துருக்களின் உரிமம், பிறர் அவற்றை மாற்றவும் விரிவாக்கவும் இடமளிக்கிறது. மூல வடிவமைப்பாளர் பெயரைத் தமக்கென ஒதுக்கியிருந்தால், மாற்றியதை வேறு பெயரில் வெளியிட வேண்டும். எனவே இப்போது ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில், நான் விரும்பும் அந்தத் தெலுங்கு எழுத்துருவின் கோட்டுக்கும் வளைவுக்கும் ஏற்ற ஒரு ழகரத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். யூனிகோடு அட்டவணையின் வடிவம் கல்லில் வெட்டியதைப் பின்பற்றியது. அதை அப்படியே வைத்தால் பக்கத்து எழுத்துகளோடு சேர மறுக்கிறது. அதிகம் வளைத்தால் வேறோர் எழுத்தாகிவிடுகிறது. இதுவரை மூன்று வடிவங்கள் தேறியுள்ளன. அடுத்த களப்பயணத்தில் மூன்றையும் அந்தப் பாட்டியிடமும் அவர் தெருவாரிடமும் காட்டப் போகிறேன். அவர்கள் தடையின்றி வாசிக்கும் வடிவமே பக்கத்தில் இடம்பெறும். எழுத்துருவுக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை.